பக்கத்து லைன் வீட்டுக்காரரிடம் இரண்டாவது கேள்வி கேட்பது எப்படி

எங்கள் காம்பவுண்டில் மொத்தம் ஒன்பது லைன் வீடுகள். திருப்பூரில் இந்த மாதிரி வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது வரை காதில் விழும். அதில் ஆறு வீடுகளில் வெளிமாநிலத்துக்காரர்கள், எல்லோருக்கும் பனியன் கம்பெனியில் வேலை, டெய்லர், செக்கிங், அயர்ன் என்று ஆளுக்கொன்று. மூன்று வருடம் அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறேன், ஒரு சண்டை கிடையாது. யாராவது "இந்த வடக்கனுங்க தொல்லை தாங்கல" என்று ஆரம்பித்தால் "பாவம், பொழைக்க வந்தவங்க, விடுங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இதை வைத்து நான் ரொம்பப் பெருந்தன்மையான ஆள் என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு. ஒருநாள் கூரியர்காரர் வந்து ஒரு பெயரைச் சொல்லி "இவங்க வீடு எதுங்க?" என்று கேட்டார். முழித்தேன். மூன்று வருடத்தில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் எந்த வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கும், யார் வீட்டில் எத்தனை மணிக்கு மிக்ஸி ஓடும் என்பதெல்லாம் அத்துப்படி.

குழம்பு வாயில் வைக்க முடியாமல் இருந்தால் 'சகிக்கல' என்கிறோம். படம் மோசமாக இருந்தால் 'சகிக்கல'. அதே சொல்லில் இருந்துதான் சகிப்புத்தன்மை என்ற பெரிய சொல்லையும் செய்து வைத்திருக்கிறோம். நான் மூன்று வருடம் செய்துகொண்டிருந்தது அதுதான், வாயில் வைத்த குழம்பைத் துப்பாமல் விழுங்கியது. அதற்குக் கீழே இறங்காமல் இருப்பது பெரிய விஷயம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பவரை விழுங்கிக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது? அதைத் தாண்டி வர நான் செய்து பார்த்தவை, சொதப்பியவை இரண்டையும் சொல்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் பீகார்காரராக இல்லாமல் வேறு மதம், வேறு சாதி, வேறு எதுவாக இருந்தாலும் பாதிக்கு மேல் இது ஒத்துப்போகும்.

முதலில் கூப்பிடுவதைச் சரிசெய்யுங்கள்

கொங்குப் பக்கம் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு, சாப்பிடுங்க' என்று சொல்லும் ஊர் இது. டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம் 'ஏனுங்க' போட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதே டீக்கடையில், 40 வயது, தலை நரைத்த ஒடிசாக்காரரைப் பார்த்ததும் நம் வாயில் எங்கிருந்துதான் 'டேய், இந்தா, தள்ளு' வருகிறதோ தெரியவில்லை. தமிழ் தெரியாது, அதனால் மரியாதையும் புரியாது என்று நமக்குள் ஒரு கணக்கு. அவருக்கு நன்றாகவே புரியும். வந்த ஒரு மாதத்துக்குள் எந்த ஊர்க்காரரும் முதலில் கற்றுக்கொள்வது தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான்.

'பையா' என்று கூப்பிடுகிறவர்கள், அதற்கு அண்ணா என்று பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நம் தமிழ்ப் 'பையா'வின் தொனியில் கூப்பிட்டால் அண்ணன் பொடியன் ஆகிவிடுவார். 'வடக்கன்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று மட்டும். 1966-ல் மும்பையில் சிவசேனை தொடங்கிய காலத்தில் 'லுங்கியை விரட்டு' என்று கோஷம் போட்டது நம் ஆட்களைப் பார்த்துத்தான். தமிழர், மலையாளி, கன்னடர் எல்லோரும் அங்கே 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். தாராவியில் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால், அந்தச் சொல் காதில் விழும்போது எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சின்னம்மா வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பெயர் கேட்பது எளிது, நினைவில் வைப்பதுதான் கஷ்டம். நான் செல்போனில் 'மூன்றாவது வீடு, நீலக் கதவு' என்று போட்டு அதன் பக்கத்தில் பெயரை எழுதி வைத்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்தது.

இரண்டாவது கேள்வி

"எந்த ஊருங்க?" "பீகார்." இங்கேதான் எல்லோரும் பேச்சை முடித்துவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள், டெல்லியில் ஒருவர் உங்களிடம் ஊர் கேட்டு, நீங்கள் 'தமிழ்நாடு' என்றதும் 'ஓ, இட்லி தோசை' என்று போய்விட்டால் எப்படி இருக்கும்? அதே கதைதான். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "பீகார்ல எந்தப் பக்கம்?" இதைக் கேட்டதும் முகம் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். தர்பங்கா, சிவான், பூர்ணியா என்று ஒரு பெயர் வரும். ஒடிசா என்றால் கஞ்சமா பாலங்கிரா, மேற்கு வங்கம் என்றால் முர்ஷிதாபாத்தா மால்டாவா என்று ஒரு பேச்சு ஆரம்பிக்கும். பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் மேப்பைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, பெரிதாக்கி, ஆற்றைக் காட்டி, பள்ளிக்கூடத்தைக் காட்டி, அவரே பேசிக்கொண்டு போவார். மொழி பாதிதான் புரியும். பரவாயில்லை, விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் மொழி. இவர்கள் எல்லோரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது நமக்கு அழகில்லை, மொழிக்காகப் போராடிய ஊர் நம்முடையது. தர்பங்காக்காரர் வீட்டில் பேசுவது மைதிலி, அதற்குத் தனி எழுத்தே உண்டு, 2003-ல் செய்த திருத்தத்தில் அரசியலமைப்பு அங்கீகரித்த மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி. சிவான்காரர் பேசுவது போஜ்புரி. கயா பக்கம் மகஹி. இந்தி இவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. ஒடியா 2014-லேயே செம்மொழி ஆனது. ஜார்க்கண்டில் இருந்து வந்தவர் சந்தாலி பேசுகிறவராக இருந்தால், ஓல் சிக்கி என்ற அந்த எழுத்தை 1925-ல் ரகுநாத் முர்மு என்பவர் உருவாக்கினார் என்பதைச் சொல்லிப் பாருங்கள், உங்களை அன்றைக்கு டீக்காசு கொடுக்க விடமாட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது குடுக். ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் பக்கம் ஓராவ் மக்கள் பேசும் மொழி அது, நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பம். கடைசி வீட்டில் இருக்கும் ஒரு பையனிடம் எண்ணிக் காட்டச் சொன்னேன். மூன்றுக்கு 'மூந்த்' என்றான், நான்குக்குத் தொண்டையில் இருந்து 'நாக்ஹ்' என்றான். கண்ணைத் தொட்டு இது என்ன என்றேன், 'க்ஹன்' என்றான். தன்பாத்–ஆலப்புழை ரயிலில், பொதுப் பெட்டியில் கிட்டத்தட்ட இரண்டு நாள் நின்றும் உட்கார்ந்தும் வந்தவனை நான் மூன்று வருடமாக 'இந்திக்காரன்' என்று நினைத்திருக்கிறேன். அவன் என்னைவிட அதிகமாகச் சிரித்தான். 'மூணு, நாலு, கண்ணு' என்று அவனே திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அவன் கூட்டாளியையும் கூட்டிவந்து என்னை மறுபடி எண்ணச் சொன்னான்.

நலம் விசாரிக்க ஒரு வரியாவது கற்றுக்கொள்ளுங்கள். போஜ்புரிக்காரரிடம் 'கா ஹால் பா?', மைதிலிக்காரரிடம் 'கேஹன் ச்சீ?', வங்காளியிடம் 'கேமோன் ஆச்சேன்?', ஒடியாக்காரரிடம் 'கேமிதி அச்சந்தி?'. உச்சரிப்பு கேவலமாகத்தான் வரும். அதுதான் நல்லது, அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஒரு வாய்ப்பு. இத்தனை நாள் அவர் தமிழைக் கேட்டு நாம்தானே சிரித்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை

இங்கே நான் நன்றாக அடிவாங்கியிருக்கிறேன். பேச்சு கொஞ்சம் பழகியதும் பீகாரில் சுபௌல் மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் "ஏன், உங்க ஊர்ல வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் "இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. பிறகுதான் புரிந்தது, அதில் கேள்வியே இல்லை, 'ஏன் இங்கே வந்தீர்கள்' என்ற குற்றச்சாட்டுக்கு வேட்டி கட்டிவிட்டது மாதிரி. துபாயில் இருக்கும் நம் ஊர்ப் பையனிடம் ஓர் அரபி இதையே கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அதையே வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். "உங்க ஊர்ல இப்ப என்ன சீசனுங்க, நடவா அறுவடையா?" அடுத்த முறை இதைத்தான் கேட்டேன், ஆகஸ்ட் மாதம். அவர் தண்ணீர் என்றார். கோசி ஆறு. 2008 ஆகஸ்டில் நேபாளத்துப் பக்கம் குசஹாவில் கரை உடைந்து, ஆறே வேறு பாதையில் திரும்பிப் பாய்ந்தது. சுபௌல், மாதேபுரா என்று மாவட்டம் மாவட்டமாக மூழ்கியது. அவருக்கு அப்போது சின்ன வயது, பள்ளிக்கூட மாடியில் ஒன்பது நாள் இருந்தார்களாம். தண்ணீர் வடிந்தபோது வயலில் மணல் நின்றது, நெல் போட முடியவில்லை. ஊரில் ஏன் வேலை இல்லை என்ற என் பழைய கேள்விக்குப் பதில் அந்த மணலில் இருந்தது. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருந்தேன்.

சம்பளம் எவ்வளவு, என்ன சாதி, ஆதார் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேட்காதீர்கள். முதலாவதை உங்களிடம் யாராவது கேட்டால் எரிச்சல் வரும், இரண்டாவதைக் கேட்டால் உங்கள் நோக்கம் என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும், மூன்றாவது போலீஸ் கேட்கிற கேள்வி. பெண்களிடம் நேராகப் போய் விசாரிப்பதையும் ஆண்கள் விட்டுவிடலாம், வீட்டில் இருக்கும் பெண்கள் பேசட்டும், அது தானாக நடக்கும். இன்னொன்று, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவரை வாசலில் மடக்கி 'உங்கள் பண்பாடு பற்றி' கேட்காதீர்கள். அவர் அருங்காட்சியகம் இல்லை, அவருக்குக் குளிக்க வேண்டும். சிலர் கடைசி வரை பேசமாட்டார்கள், அதுவும் அவர்கள் உரிமை. எங்கள் ஐந்தாவது வீட்டுக்காரர் அப்படித்தான், பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். நானும் ஆட்டுவேன்.

சாப்பாடு வழியாகப் போவது சுலபம், ஆனால் மூக்கை அடக்க வேண்டும்

கடுகு எண்ணெய். காம்பவுண்டில் வரும் முணுமுணுப்பில் பாதி இதைப் பற்றித்தான். அவர்கள் எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சித்தான் அதில் எதையும் போடுவார்கள், பச்சை நெடி போக வேண்டும் என்பதற்காக. அந்தப் புகை நேராக நம் ஜன்னலுக்கு வரும். சரி, நாம் கருவாடு வறுக்கிற அன்றைக்கு அவர்கள் ஜன்னலுக்கு என்ன போகும் என்று யோசித்தேன். பேசாமல் ஒருநாள் "அதுல என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். சோக்கா வந்தது, ஒரு கிண்ணத்தில். கத்தரிக்காயை அடுப்பில் சுட்டு, தோலை உரித்து, பச்சை மிளகாய், பூண்டு, கொஞ்சம் பச்சைக் கடுகு எண்ணெய் விட்டுப் பிசைந்தது. முதல் வாய்க்கு மூக்கில் ஏறியது. மூன்றாவது வாய்க்கு, என் ஆயா செய்கிற சுட்ட கத்தரிக்காய்த் துவையலின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. இப்போது அந்தப் புகை வந்தால் எனக்குப் பசிக்கிறது, என் வீட்டுக்காரிக்கு இன்னும் தும்மல்தான் வருகிறது. பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிக்கவில்லை என்றால் 'எனக்குக் காரம் தாங்கல' என்று சொல்லலாம், 'ச்சீ' மட்டும் வேண்டாம்.

பழைய சோறு ஒரு நல்ல ஆரம்பம். ஒடிசாவில் அது பகாளா, மார்ச் 20-ஐப் பகாளா தினம் என்று கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத். நாம் ஏதோ நம் பாட்டன் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் நீராகாரத்தை நான்கு மாநிலத்தில் குடிக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் இப்போது உடம்புக்கு நல்லது என்று டப்பாவில் விற்கும் மக்கானா இருக்கிறதே, 'தாமரை விதை' என்று பெயர் போட்டு, அது உண்மையில் தாமரையே இல்லை, அல்லிக் குடும்பத்து முள்செடி. தர்பங்கா, மதுபனிக் குளங்களில் தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றில் இருந்து அள்ளுகிறார்கள். நீங்கள் வாங்கும் டப்பாவைக் காட்டி விலையைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் தலையில் கை வைப்பார்.

தொல்லை தொல்லைதான்

இதை எழுதினால் 'அப்போ நாங்க எல்லாத்தையும் பொறுத்துக்கணுமா' என்று கேட்பீர்கள். இல்லை. அன்பாக இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை, அது பழைய சகிப்புத்தன்மையேதான். எங்கள் காம்பவுண்டில் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கரில் வீடியோ கால் ஓடும், சுவர் அதிரும். முன்பு நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன், காலையில் ஓனரிடம் 'இவங்களே இப்படித்தான்' என்பேன். இப்போது நேராக அந்தக் கதவைத் தட்டுகிறேன். மூன்று விதி வைத்திருக்கிறேன்: அந்த ஆளிடமே சொல்வது, அந்த விஷயத்தை மட்டும் சொல்வது, 'நீங்க எல்லாருமே' என்று வாக்கியத்தை ஆரம்பிக்காமல் இருப்பது. தட்டியபோதுதான் தெரிந்தது, ராத்திரி வரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிற அண்ணன் ஊரில் இருக்கும் மகளோடு பேசக் கிடைக்கிற நேரமே அதுதான், அறையில் ஆறு பேர், அதனால் வாசலுக்கு வருகிறார். 150 ரூபாய்க்கு ஒரு இயர்போன். பிரச்சினை முடிந்தது, முழுதாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை பாட்டு இன்னும் கேட்கிறது.

குப்பைக்கும் அப்படித்தான். எது எந்த டப்பா என்று தமிழில் மட்டும் எழுதி ஒட்டிவிட்டு 'சொன்னா கேக்கமாட்டேங்கிறாங்க' என்று புலம்பினோம். படம் வரைந்து ஒட்டியபின் பாதி சரியானது. மீதிப் பாதி, உண்மையைச் சொன்னால், தமிழ்க் குடும்பங்களின் குப்பை.

ஒரு ஆளைத் தெரிந்திருந்தால்

2023 தொடக்கம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜனவரியில் வடமாநிலத்தவர் தமிழர்களை விரட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. மார்ச்சில் அப்படியே தலைகீழாக, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பீகார் முழுக்கப் பரவின. எங்கோ எதற்கோ நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை. போலீஸ் மறுத்தது, பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி இங்கே வந்து விசாரித்தது. அதற்குள் ஊரில் இருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஹோலி வேறு நெருங்கியதால், யார் பண்டிகைக்குப் போகிறார், யார் பயந்து போகிறார் என்றே தெரியாமல் ரயில் நிலையம் நிரம்பியது.

அப்போது நான் பெயரெல்லாம் தெரிந்துகொண்டிருந்த காலம். நீலக் கதவு வீட்டுத் தம்பி என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க அம்மாகிட்ட பேசுங்க" என்று போனை நீட்டினான். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா ஏதோ கேட்டார். நான் அவன் தோளில் கையைப் போட்டு, மறுகையால் சாப்பிடுகிற மாதிரி காட்டி, நல்லா இருக்கான் என்று தமிழிலேயே சொன்னேன். ஆகவே குடும்ப குரூப்பில் இந்த மாதிரி வீடியோ வந்தால், அனுப்புவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த அந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்படி ஒருவர் உங்களுக்கு இல்லை என்றால், மேலே சொன்ன இரண்டாவது கேள்வியில் இருந்து ஆரம்பியுங்கள்.

பண்டிகை நாளும் திரும்பி வரும் பாத்திரமும்

தீபாவளி முடிந்து ஆறாவது நாள் நாம் கந்த சஷ்டி, சூரசம்ஹாரம் என்று இருப்போம். பீகார்காரர்களுக்கும் அதே சஷ்டிதான், அவர்கள் வாயில் அது சட். நான்கு நாள் விரதம், அதில் கடைசி 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. புரோகிதர் வேண்டாம், கோயில் வேண்டாம். சஷ்டி அன்று மாலை தண்ணீரில் நின்று மறைகிற சூரியனுக்கும், மறுநாள் விடியலில் உதிக்கிற சூரியனுக்கும் முறத்தில் பழம், கரும்பு எல்லாம் வைத்துக் காட்டுவார்கள். ஆறு பக்கத்தில் இல்லாததால் எங்கள் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, மூக்கில் இருந்து வகிடு வரை ஆரஞ்சு நிறக் குங்குமம் இழுத்துக்கொண்டு நீலக் கதவு வீட்டு அக்கா நின்றார். என் வீட்டுக்காரியும் அன்றைக்கு சஷ்டி விரதம். இரண்டு பேரும் பட்டினி, இரண்டு பேருக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது. அந்த அக்காவின் பெண் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு, அச்சு அசல் கொங்குத் தமிழ், அவள்தான் மொழிபெயர்ப்பு. (எல்லாவற்றுக்கும் குழந்தையை இழுக்காதீர்கள், பாவம், வீட்டுப்பாடம் இருக்கும்.)

மறுநாள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் தேக்குவா வந்தது, கோதுமை மாவு, வெல்லம், நெய் போட்டுப் பொரித்தது, அதிரசம் காய்ந்து மொறுமொறுப்பானால் எப்படி இருக்குமோ அப்படி. நம் ஊரில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லையே, முறுக்கு போட்டுக் கொடுத்தோம். அந்த டப்பா இன்றைக்கும் அங்கேயும் இங்கேயுமாகத்தான் போய்வருகிறது, யார் வீட்டு டப்பா என்பதே மறந்துவிட்டது.

போன அமாவாசைக்கு அதைக் கொடுக்க வந்தபோது, அந்த அக்கா ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததை மகள் வாயிலாகக் கேட்டுவிட்டார்: "அண்ணா, உங்க ஆளுங்க ஏன் நல்ல பூசணிக்காயக் கொண்டுபோய் நடுரோட்ல போட்டு ஒடைக்கிறீங்க? வண்டி வழுக்காதுங்களா?"

திருஷ்டி என்றேன். திருஷ்டி அவருக்கும் தெரியும், அவர்கள் ஊரில் 'நஜர்'. அது சரி, நடுரோடு எதற்கு என்று மறுபடி கேட்டார். எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை, பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.